இறங்கிய பின் ஆறு நிமிடம்

எங்கள் டெக்னீசியன்களின் வாட்ஸாப் குழுவில் சென்ற மாதம் ஒரு படம் வந்தது. புதிய டிரெட்மில் இயந்திரம். ஓட்டம் முடிந்ததும் ரெக்கவரியை மூன்று நிமிடத்தில் தானே முடித்துக்கொண்டு, தானே ரிப்போர்ட் எழுதி, தானே ‘நார்மல்’ என்று அச்சடித்தும் கொடுத்துவிடுமாம். கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். ஒரே ஒருவர் மட்டும், “அண்ணே, நீங்க ஒண்ணும் சொல்லலையே?” என்று என்னைக் கேட்டிருந்தார். பதில் தட்ட ஆரம்பித்தேன். நாலு வரி தாண்டியதும் இது கைபேசியில் எழுதுகிற விஷயமில்லை என்று தெரிந்துவிட்டது. அவசரம் ஒன்றுமில்லை, ஓய்வுபெற்றவனுக்கு நேரம் நிறைய, கேட்க ஆள்தான் குறைவு.

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில், டிரெட்மில்லில் நடக்கவிட்டு இதயத்தைச் சோதிக்கும் டி.எம்.டி. அறையில் இருபத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். அதன் பெயர் இங்கே தேவையில்லை. அதற்கு முன் இயற்பியலில் ஒரு பட்டம், ஈ.சி.ஜி. பயிற்சி ஓராண்டு. பட்டம் சுவரில் மாட்ட உதவியது. பயிற்சியில் கம்பிகளின் நிறங்களும், ஆண்களின் மார்பில் முடி எங்கெல்லாம் தேவையில்லாமல் முளைக்கிறது என்பதும் தெரிந்தன. மற்றதெல்லாம் அந்த அறைக்குள் கற்றது.

அறை பத்துக்குப் பன்னிரண்டு. ஒரு டிரெட்மில், ஒரு கட்டில், கதவோரம் ஒரு பெஞ்சு. நடக்க வருபவர் இரண்டு மணி நேரம் எதுவும் சாப்பிட்டிருக்கக் கூடாது. காப்பி கூடாது, பீடி கூடாது. வேட்டியில் வருபவர்களுக்கென்றே நாலு அளவில் பேண்ட்டும் ஆறு ஜோடி கேன்வாஸ் ஷூவும் வைத்திருந்தோம். “நோவு நெஞ்சுலய்யா, காலுக்கு எதுக்குச் சூ?” என்று ஒரு பெரியவர் கேட்டது இன்றும் எனக்கு நியாயமான கேள்வியாகத்தான் படுகிறது. மார்பில் பத்து இடங்களில் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ஒட்டும் இடத்தில் முடியை மழித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, மெல்லிய உப்புத்தாளால் ஒரு தேய்ப்புத் தேய்க்க வேண்டும். தேய்க்காமல் ஒட்டினால் வியர்வையில் ஸ்டிக்கர் நழுவி, நல்ல இதயம்கூடத் திரையில் கிறுக்குப் பிடித்ததுபோலத் தெரியும். எங்கள் அறை உதவியாளர் பாண்டியம்மாள் மழிக்கும் நேரத்தில் எட்டிப் பார்த்து, “பழனிக்கு வேண்டுனத இங்கனயே எறக்கிட்டீகளா?” என்று கேட்பார். நோயாளி சிரித்தால் அவருடைய நாடித்துடிப்பு ஐந்து குறையும். பாண்டியம்மாளுக்கு அது தெரியும்.

டிரெட்மில்லுக்கு எதிரே சுவரில் ஒரு பனிமலைப் படம் ஒட்டியிருந்தது. இயந்திரம் விற்ற கம்பெனி கொடுத்தது. மதுரை வெயிலில் வந்த ஆயிரக்கணக்கானவர்கள் அந்த மலையை நோக்கி மூச்சிரைக்க நடந்திருக்கிறார்கள். ஒருவரும் போய்ச் சேரவில்லை. அவர்கள் மலையைப் பார்ப்பார்கள், நான் திரையைப் பார்ப்பேன். அதனால்தான் தெருவில் என்னை யாருக்கும் அடையாளம் தெரிவதில்லை. எனக்கும் அவர்கள் மார்பைத்தான் தெரியும், முகம் தெரியாது.

மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை வேகமும் ஏற்றமும் கூடும். வயதுக்கேற்ற துடிப்பை எட்டியதும் வேகத்தைக் குறைத்து, ஒரு நிமிடம் மெல்ல நடக்கவிட்டு, இறக்கிக் கட்டிலில் உட்கார வைக்க வேண்டும். வேகம் குறைந்த கணத்திலிருந்து ஆறு நிமிடம் ரெக்கவரி. அந்த ஆறு நிமிடமும் கம்பிகள் மார்பில்தான் இருக்க வேண்டும்.

ஓடும்போது துடிப்பு எவ்வளவு ஏறியது என்று எல்லாரும் கேட்பார்கள். நின்ற பிறகு எவ்வளவு சீக்கிரம் இறங்கியது என்று கேட்பவர் அபூர்வம். முதல் நிமிடத்தில் பன்னிரண்டு துடிப்பாவது இறங்க வேண்டும். இறங்காவிட்டால், உடம்புக்குத் தன்னை அடக்கிக்கொள்ளத் தெரியவில்லை என்று பொருள். அது நல்ல செய்தி அல்ல. அதன் பிறகு வரும் நிமிடங்களில்தான், ஓடும்போது நல்லபிள்ளையாக இருந்த சில இதயங்கள் தங்கள் வேலையைக் காட்டும்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் நாங்கள் என்ன செய்தோம் என்பதைச் சொல்கிறேன்.

வெளியே இருபது பேர் காத்திருப்பார்கள். ஒருவருக்கு ஆறு நிமிடம் என்றால் இருபது பேருக்கு இரண்டு மணி நேரம், சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர்களைப் பார்த்துக்கொண்டு. ஆகவே இரண்டாவது நிமிடத்தில் துடிப்பு ஒழுங்காக இறங்குவதைப் பார்த்ததும் கம்பிகளைக் கழற்றி அடுத்தவருக்கு மாட்டிவிடுவோம். இறங்கியவர் கதவோர பெஞ்சில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்ளலாம். ரிப்போர்ட் தாளில் ரெக்கவரிக்கு ஒரு வரி உண்டு. அதற்கு ஒரு ரப்பர் முத்திரை செய்து வைத்திருந்தோம்: ‘ரெக்கவரி ஆறு நிமிடம் – மாற்றம் ஏதுமில்லை.’ காலையில் வந்ததும் மின்விசிறியைப் போட்டு, பனிமலையில் படிந்த தூசியைத் தட்டி, இருபது தாளில் அந்த முத்திரையைக் குத்தி அடுக்கி வைப்பேன். நோயாளி வீட்டிலிருந்து கிளம்பியிருக்கவே மாட்டார்; அவருடைய ரெக்கவரி மாற்றம் ஏதுமில்லாமல் முடிந்திருக்கும்.

இதயப் பிரிவின் தலைவர் டாக்டர் திலகவதி. யாரையும் வாங்க, போங்க என்றுதான் பேசுவார். வராந்தாவில் ஓடும் குழந்தையைக்கூட. பாராட்ட மாட்டார், திட்டவும் மாட்டார். பள்ளிப் பிள்ளைகளின் ஜாமெட்ரி பாக்ஸில் இருக்குமே, இரண்டு பக்கமும் ஊசி உள்ள கவராயம், அதை எப்போதும் வெள்ளைக் கோட்டுப் பையில் வைத்திருப்பார். இயந்திரம் அளந்து கொடுத்த அளவை நம்ப மாட்டார். ஈ.சி.ஜி. தாளை மேசையில் விரித்து, கவராயத்தின் ஊசிகளைக் கோட்டின் மேல் வைத்து, தானே கட்டம் எண்ணுவார். ஓட்டம் உச்சத்துக்கு வரும்போது அறைக்குள் வந்து நிற்பார். அதிலேயே ஏதாவது தெரிந்தால் இருப்பார், இல்லையென்றால் அடுத்த அறைக்குப் போய்விடுவார். மதியம் நான் ரிப்போர்ட்டுகளைக் கொண்டுபோய் வைப்பேன். ஒவ்வொரு தாளையும் அளந்து முடித்ததும், தலையைத் தூக்காமல் ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

“இறங்குனப்புறம்?”

“ஒண்ணுமில்லை மேடம்.”

கையெழுத்துப் போடுவார். இயந்திரத்தை நம்பாதவர், முத்திரையைப் படிக்காதவர், என் வாய்ச்சொல்லை மட்டும் நம்பினார். ஒரு நாளைக்கு இருபது முறை என்று வைத்துக்கொண்டால் எத்தனை ஆயிரம் முறை என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நான் போட்டுப் பார்த்ததில்லை.

இனிக் காசிமாயன்.

ஒரு வியாழக்கிழமை காலை ஏழரைக்கு முதல் ஆளாக வந்தார். திருமங்கலத்துக்கு மேற்கே ஏதோ ஒரு கிராமம். நாற்பத்திரண்டு வயது. கிராமங்களில் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு கப்பலூரில் ஒரு மில்லின் காலை ஷிப்டில் இறக்கிவிடும் தனியார் பஸ்ஸுக்கு டிரைவர். ஒப்புதல் படிவத்தில் கூட வந்தவர் கையெழுத்துக்கு ஓர் இடம் உண்டு.

“யார் கூட வந்திருக்கா?”

“நாந்தான் சார் வந்திருக்கேன்.”

“அதான், உங்க கூட?”

“ஆருமில்ல சார். வீட்டுல சொல்லல. சொன்னா அவ அழுது ஊரக் கூட்டிருவா.”

தனியாக வருபவர்களுக்கு எங்கள் அறையில் ஒரு வழக்கம் உண்டு. பாண்டியம்மாள் கதவைத் திறந்து, “ஆருப்பா அங்கன சும்மா நிக்கிறது? ஒரு கையெழுத்துக்கு மட்டும் மச்சானா வாங்க” என்று கூப்பிட்டார். அடுத்த நோயாளியின் மைத்துனர் உற்சாகமாக வந்து கையெழுத்துப் போட்டார். உறவுமுறை என்ற கட்டத்தில் ‘மச்சான்’ என்றே எழுதினார். “மாப்ள, தைரியமா ஏறுங்க” என்று காசிமாயன் முதுகில் தட்டிவிட்டும் போனார்.

மழித்து, துடைத்து, ஒட்டும்போது என்ன தொந்தரவு என்று கேட்டேன்.

“விடியக்காலம் சார். நாலரைக்கு வண்டியெடுக்கப் போவேன்ல, அப்ப நெஞ்சுக்குள்ள ஈரத்துணியப் பிழியிற மாதிரிப் புடிக்கும். அம்புட்டு வேர்வ. பத்து நிமிசம். அப்பறம் எங்க போச்சுன்னே தெரியாது. பகல்ல மூட்ட தூக்குனாக்கூட வர்றதில்ல.”

“தினமுமா?”

“எல்லா நாளும் இல்ல. அதான் எடக்கே. மேனேஜரு சொல்றாரு, டீக்கட வரைக்கும் வராத நோவு ஸ்டியரிங்கப் பாத்ததும் வருதாக்கும், அது எந்த ஊரு நோவுடாங்கறாரு. கூட ஓட்டுறவய்ங்களும் சிரிக்கிறாய்ங்க. நான் நடிக்கிறேனாம்.” கொஞ்சம் நிறுத்தினார். “நோவு இருக்குன்னோ இல்லைன்னோ எழுதச் சொல்லலங்க சார். நடிக்கிறேன்னு மட்டும் ஒருத்தனும் சொல்லக்கூடாது. எங்க தாத்தன் காலத்துலருந்து மண்ணக் கிண்டித் தின்ன குடும்பம். ஏமாத்துறவன்னு பேரு வாங்குனதில்ல.”

பன்னிரண்டு நிமிடம் ஓடினார். நாலாவது கட்டத்தை முடித்துவிட்டு, “இன்னுங் கொஞ்சம் ஓடவா?” என்று கேட்டவர் என் அனுபவத்தில் அவர் ஒருவர்தான். உச்சத்தில் நூற்று எழுபத்திரண்டு. டாக்டர் வந்து பார்த்தார், ஒன்றுமில்லை, போனார். முதல் நிமிடத்தில் நூற்று நாற்பத்தொன்று. முப்பத்தொரு துடிப்பு இறக்கம். பொறாமைப்படத் தகுந்த இதயம். இரண்டாவது நிமிடம் முடிந்ததும் கம்பிகளைக் கழற்றினேன்.

அவர் பெஞ்சில் உட்கார்ந்து சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். பாண்டியம்மாள் வெளியே பெயர் கூப்பிடப் போயிருந்தார். நான் அடுத்தவருக்கு, அதாவது மச்சானின் மச்சானுக்கு, ஐந்தாவதோ ஆறாவதோ ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டிருந்தேன்.

“சார்… வந்துருச்சு.”

திரும்பினேன். விரித்த உள்ளங்கையை நெஞ்சின் நடுவில் வைத்திருந்தார். மேலுதட்டில் முத்து முத்தாக வியர்வை. பன்னிரண்டு நிமிடம் ஓடியவரின் வியர்வை அதற்குள் காய்ந்திருந்தது; இது புதிது. அது எனக்குத் தெரிந்தது. கம்பிகளில் பாதி வேறொரு மனிதர் மேல் இருந்தன.

“இவ்வளவு நேரம் ஓடியிருக்கீங்க, அப்படித்தான் இருக்கும். தண்ணி குடிங்க” என்றேன்.

அதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். பெரும்பாலும் உண்மையாகவே இருந்திருக்கும். நான் பத்தாவது ஸ்டிக்கரை ஒட்டி முடிப்பதற்குள் அவர் முகத்தில் நிறம் திரும்பிவிட்டது. “போயிருச்சு சார்” என்று, ஏதோ தன் தப்பு போல, சிரித்தார்.

மதியம் டாக்டர் அவருடைய தாளை அளந்தார்.

“இறங்குனப்புறம்?”

“ஒண்ணுமில்லை மேடம்.”

மூன்று வாரம் கழித்து ஒரு நண்பகலில் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். டாக்டரைப் பார்க்க வரவில்லை, என்னைத்தான். அந்த வாரம் விடியற்காலையில் நாற்பது பேரோடு வந்துகொண்டிருந்தபோது வலி பிடித்திருக்கிறது. பஸ்ஸை ஓரமாக நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக் கால்மணி நேரம் இருந்திருக்கிறார். ஷிப்டு தவறிவிட்டது. மேனேஜர் எங்கள் ரிப்போர்ட்டைப் பத்துப் பேர் முன்னால் எடுத்து வாசித்திருக்கிறார்.

“நீங்க பாத்தீகள்ல சார்? பெஞ்சுல உக்காந்திருந்தப்ப வந்துச்சுல்ல? இந்த ஒலகத்துல அத நீங்க ஒருத்தர்தான் பாத்தது. மேனேஜர்ட்ட வந்து ஒரு வார்த்த சொன்னாப் போதும்.”

ஒரு வார்த்தைதான். ஆனால் அதைச் சொன்னால், ஆறு நிமிடம் கம்பி மாட்டியிருந்தபோது வலி வந்ததை ஏன் தாளில் காணோம் என்று கேள்வி வரும். நான் கெட்டிக்காரன். “மறுபடி ஒரு டெஸ்ட் எடுத்துடலாம், இப்பவே. காசு வேண்டாம்” என்றேன். சட்டென்று அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

நண்பகல் பன்னிரண்டரைக்கு ஏற்றினேன். அதே ஓட்டம், அதே அருமையான இறக்கம். இந்த முறை வெளியே எத்தனை பேர் முணுமுணுத்தாலும் அசையவில்லை. ஆறு நிமிடமல்ல, பத்து நிமிடம் கம்பியோடு உட்கார வைத்தேன். திரையை நானும், என்னை அவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றும் வரவில்லை.

“என்ன சார், இன்னைக்கு வர மாட்டேங்குது?” பஸ் வராததைப் பற்றிக் கேட்பதுபோலக் கேட்டார். பிறகு அவரே கணக்குப் போட்டார். “முந்தி ஒரு பேப்பருதான் என்னயப் பொய்யன்னுச்சு. இப்ப ரெண்டாயிருச்சு.”

சட்டையை மாட்டிக்கொண்டு போனார். எனக்கு வணக்கம் வைக்கவில்லை. அந்த மத்தியானம் மற்ற நோயாளிகள் எல்லாரையும் இரண்டாம் நிமிடத்தில் இறக்கிவிட்டேன். பழக்கம் அவ்வளவு சீக்கிரம் திருந்துவதில்லை.

மூன்று மணிக்கு ரிப்போர்ட்டுகளோடு டாக்டர் அறைக்குப் போனேன். காசிமாயனின் தாள் மேலாக இருந்தது. அளந்தார்.

“இறங்குனப்புறம்?”

“இதுல ஒண்ணுமில்லை மேடம். ஆனா முதல்ல எடுத்தது முழுசா எடுக்கலை.”

கவராயம் நின்றது. “எவ்வளவு எடுத்தீங்க?”

“ரெண்டு நிமிஷம்.”

“ஆறுன்னு போட்டிருக்கே?”

“அது சீல், மேடம். காலையிலேயே குத்தி வச்சிடுறது.”

அவர் முதல் முறையாகத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அவர் கண்ணாடிக்குப் பின்னால் இடது கண்ணோரம் ஒரு மரு இருக்கிறது. பதினான்கு வருடம் அவர் கீழ் வேலை பார்த்து அன்றுதான் அதைப் பார்த்தேன்.

“எத்தனை பேருக்கு?”

“எல்லாருக்கும்.”

அதற்கு மேல் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பெஞ்சில் நடந்ததைச் சொன்னேன். குறிப்பாக இரண்டு கேள்விகள் கேட்டார். அவர் உட்கார்ந்து எத்தனையாவது நிமிடம்? நாலு, ஐந்து இருக்கும். அப்போது மணி என்ன? காலை எட்டுக்கு முன்னால். இன்றைக்கு எடுத்தது மதியம்.

“காலையில ஆறு மணிக்கு வரச் சொல்லுங்க. நானும் வர்றேன்” என்றார். “அந்த சீலைக் கொண்டாந்து குடுங்க.”

கொண்டுபோய்க் கொடுத்தேன். இழுப்பறையைத் திறந்து உள்ளே போட்டு மூடினார்.

காசிமாயன் வர மறுத்தார். “மூணாவது பேப்பரா? வேணாஞ் சார், ரெண்டே போதும்” என்று போனை வைத்துவிட்டார். பாண்டியம்மாள் என் கையிலிருந்து போனை வாங்கி மறுபடி அழைத்தார். “யப்பா, பெரிய டாக்டரம்மா உனக்காக விடியமுன்ன எந்திரிச்சு வாராக. நீ என்னமோ பொண்ணு பாக்கக் கூப்புட்ட மாதிரிப் பிகு பண்ற. வா, உன் வீட்டுக்காரியவும் கூட்டிட்டு வா” என்றார். வந்தார். மனைவியோடு வரவில்லை. அந்தக் காலை நேரத்தில் மச்சானாக வரவும் ஆளில்லை. கூட வந்தவர் என்ற இடத்தில் டாக்டர் திலகவதி தன் கையெழுத்தைப் போட்டார். உறவுமுறைக் கட்டத்தைக் காலியாக விட்டார்.

அன்று நடந்தது ஒவ்வொன்றும் எனக்கு நினைவிருக்கிறது. அவசர மருந்துத் தட்டு கட்டிலுக்கு அருகே. மின்னதிர்ச்சி கொடுக்கும் இயந்திரம் சார்ஜில். டாக்டர் இடது உள்ளங்கையில் நாக்குக்கு அடியில் வைக்கும் ஒரு மாத்திரையை முன்கூட்டியே பிரித்து வைத்திருந்தார். பன்னிரண்டு நிமிட ஓட்டம். நூற்று எழுபது. ஒரு நிமிடத்தில் நூற்று நாற்பது. இரண்டு நிமிடம். என் கை பழக்கத்தில் கம்பியை நோக்கிப் போனதை டாக்டர் பார்த்தார். மூன்று நிமிடம், ஒன்றுமில்லை. நாலு நிமிடம், ஒன்றுமில்லை. காசிமாயன் பனிமலையைப் பார்த்துக்கொண்டு, “வராது மேடம். நமக்குன்னா வராது” என்றார்.

நாலு நிமிடம் நாற்பது விநாடியில், இதயத்தின் அடிப்பக்கத்தைக் காட்டும் மூன்று கோடுகளும் அசைந்தன. படுத்திருப்பவர் போர்வைக்குள் முழங்காலை மெல்ல உயர்த்துவதுபோல, ஒவ்வொரு துடிப்புக்கும் கோடு கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தது. அரை நிமிடத்தில் மதில்போல நின்றது. அவர் கை நெஞ்சுக்குப் போனது.

“மேடம், வந்து…”

“தெரியுது. நாக்கைத் தூக்குங்க.”

மாத்திரை உள்ளே போனது. டாக்டர் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நான் காகிதத்தை ஓடவிட்டேன். இரண்டு நிமிடத்தில் கோடு பழையபடி படுத்தது. காகிதம் தரையில் சுருண்டு என் முழங்கால் வரை கிடந்தது.

“பாத்துட்டீகளா?” என்று கேட்டார் காசிமாயன். வலியைவிட அதுதான் அவருக்கு அவசரமாக இருந்தது.

“பாத்துட்டோம்” என்றார் டாக்டர். “நீங்க நடிக்கலை. உங்க ரத்தக்குழாய்தான் நடிக்குது.” நான் அறிந்தவரை அவர் வேடிக்கையாகச் சொன்ன ஒரே வாக்கியம் அது.

ஆஞ்சியோவில் குழாய்கள் சுத்தமாக இருந்தன. அடைப்பே இல்லை. குழாயைச் சுற்றியுள்ள தசை நினைத்தபோது இறுக்கிப் பிடிக்கும், பிறகு விட்டுவிடும். விடியற்காலை அதற்குப் பிடித்த நேரம், பீடி அதற்குப் பிடித்த தீனி. அந்த இறுக்கத்தைத் தளர்த்த மாத்திரை உண்டு. கொடுத்தார்கள். பீடியை நிறுத்தினார். வலி நின்றது. மேனேஜர் மூன்றாவது தாளை வாங்கிப் படித்தார். இந்த முறை நம்பினார். நம்பியதால், நாற்பது உயிரை இவரிடம் விட முடியாது என்று பஸ்ஸிலிருந்து இறக்கி, டீசல் கணக்குப் பார்க்க உட்கார வைத்துவிட்டார்.

அதைச் சொல்லத்தான் காசிமாயன் கடைசியாக வந்தார். பெஞ்சில் உட்கார்ந்தார். “நம்புங்கன்னுதான சார் கேட்டேன். எறக்கிவிடுங்கன்னு கேக்கலயே” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. இந்த முறை நான் தண்ணீர் குடியுங்கள் என்று சொல்லவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு மெமோ வரும் என்று எதிர்பார்த்தேன். வந்திருந்தால் பதில் எழுதியிருப்பேன். நோயாளிகளின் எண்ணிக்கை, ஆள் பற்றாக்குறை எல்லாம் போட்டு நன்றாகவே எழுதியிருப்பேன். வரவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று நடந்தது. மறுநாளிலிருந்து டாக்டர் ஒவ்வொருவருக்கும் ஓட்டம் முடிந்தபின் அறைக்குள்ளேயே நின்றார். கவராயத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆறு நிமிடமும் திரையைத் தானே பார்த்தார். மதியம் ரிப்போர்ட் கொண்டுபோனால் அளப்பார், கையெழுத்துப் போடுவார், தாளை என் பக்கம் நகர்த்துவார்.

கேள்வி இல்லை.

அவர் ஓய்வுபெறும் வரை ஆறு வருடம், ஒரு நாள்கூட என்னிடம் அதைக் கேட்கவில்லை. மற்றபடி அதே மரியாதை; வாங்க, போங்க, தீபாவளிக்கு இனிப்பு. நான் அந்த ஆறு வருடமும் ஒரு நோயாளிக்குக்கூட ஆறு நிமிடத்தில் ஒரு விநாடி குறைக்கவில்லை. அது அவருக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. கேட்டால்தானே சொல்ல முடியும்?

பல வருடம் கழித்து, கப்பலூரிலிருந்து வரும் டவுன் பஸ்ஸில் காசிமாயனைப் பார்த்தேன். முகத்தை வைத்து அல்ல. வலது காலை வைத்துத்தான். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு வேகத்தடையிலும் அவருடைய வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்தது. நான் இரண்டு சீட்டு தள்ளி நின்றேன். திரும்பிப் பார்த்தார், அடையாளம் தெரியவில்லை. பசுமலையில் இறங்கிக்கொண்டேன்.

பசுமலையில்தான் குடியிருக்கிறேன், மாடியில், தனியாக. திருமணம் செய்துகொள்ளவில்லை, காரணம் இந்தக் கட்டுரைக்கு வேண்டாம். தினமும் காலையில் ஏற்றச் சாலையில் நடப்பேன். மூன்று மாதமாக வழக்கமான இடத்துக்கு முன்பே மூச்சு வாங்குகிறது. படித்தவன் செய்யவேண்டியதைச் செய்தேன். முதலில் இரண்டு மாதம் ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டேன். பிறகு பரிசோதனைக்குப் போனேன். என் பழைய இடத்துக்கு அல்ல.

புதிய இயந்திரம். சுவரில் பனிமலை இல்லை, டி.வி. இருந்தது. டெக்னீசியன் சின்னப் பெண். “கூட யாரும் வரலையா சார்?” என்று கேட்டாள். வரவில்லை என்றேன். அங்கேயும் அடுத்த நோயாளியின் வீட்டார்தான் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு அம்மாள் எனக்குத் தங்கையானார்.

ஏழு நிமிடம் நடந்தேன். நூற்று முப்பத்தெட்டு. வேகம் குறைந்ததும் திரையின் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிடத்தில் நூற்று இருபத்தொன்பது.

கட்டிலில் உட்கார்ந்தேன். இரண்டாம் நிமிடம் முடியும்போது அந்தப் பெண்ணின் கை கம்பிக்கு வந்தது.

“ஆறு நிமிஷம் இருக்கட்டும்மா.”

“மிஷின் மூணுலயே முடிச்சிரும் சார். வெளிய இருபது பேரு இருக்காக.”

“இருக்கட்டும்.”

என்ன நினைத்தாளோ, கம்பியை விட்டுவிட்டு அடுத்தவரைக் கூப்பிடப் போனாள். அறையில் நான் மட்டும். இயந்திரம் மூன்றாவது நிமிடத்தில் ரிப்போர்ட்டை அச்சடித்துத் துப்பியது: நார்மல். அதற்குப் பிறகும் என் இதயம் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. பார்க்க நான் ஒருவன்தான் இருந்தேன். நாலு. ஐந்து. ஆறு. கோடு எழவில்லை. நானே கம்பிகளைக் கழற்றி, நிறவாரியாக மாட்டி வைத்துவிட்டு வந்தேன்.

டாக்டர் திலகவதி இப்போது வீட்டு முன்னறையில் மாலையில் நாலைந்து பேரை மட்டும் பார்க்கிறார். போனேன். உட்காரச் சொன்னார். எப்படி இருக்கிறேன், யார் சமைக்கிறார்கள் என்றெல்லாம் கேட்கவில்லை. முதல் பக்கத்தில் அச்சான ‘நார்மல்’ என்ற சொல்லைப் பார்க்காமல் தள்ளிவிட்டு, ஓட்டத்தின் தாளை எடுத்தார். மேசை இழுப்பறையிலிருந்து கவராயம் வந்தது.  ஊசி முன்போலவே கோட்டின் மேல் சரியாக நின்றது. ஒவ்வொரு பக்கமாக அளந்தார். கடைசியாக மிச்சமிருந்தது ரெக்கவரித் தாள். அதைத் திருப்பவில்லை. அதன் மேல் கவராயத்தை வைத்தார்.

தலையைத் தூக்காமல் கேட்டார்.

“இறங்குனப்புறம்?”



“முதல் நிமிஷத்துல ஒன்பதுதான் இறங்குச்சு மேடம். மூணுக்கப்புறம் மிஷின் பதியலை. ஆறு வரைக்கும் நான் பாத்தேன். வேற ஒண்ணுமில்லை.”

பேனாவை எடுத்து, ‘ஒன்பது’ என்றும் ‘ஆறு நிமிடம்’ என்றும் எழுதிக்கொண்டார். தாளைத் திருப்பிச் சரிபார்க்கவில்லை.